நாக்குக்குத் தெரியாத ஃபுளூரைடு



கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்தில் தண்ணீரின் தரத்தைப் பலரும் நாக்கைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். கரித்தால் உப்புத் தண்ணீர் என்று ஒதுக்குவதும், கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர் என்று குடத்தில் பிடித்துக்கொள்வதும் வழக்கம். கடல்நீர் நிலத்தடியில் ஏறிவந்துவிட்ட மீஞ்சூர்ப் பகுதியில் இவ்வழக்கம் ஓரளவு பயன்படவும் செய்கிறது. ஆனால் ஃபுளூரைடு, குடிநீரில் காணப்படும் அளவுகளில், சுவையோ நிறமோ மணமோ தருவதில்லை. அதன் மிகுதியைப் பல்தான், அதுவும் காலம் கடந்தே, காட்டிக்கொடுக்கிறது.

ஃபுளூரைடு என்பது ஃபுளூரின் என்னும் தனிமத்தின் மின்னேற்றம் பெற்ற வடிவம். பாறைகளிலுள்ள ஃபுளூரைட், அபடைட், பயோடைட் முதலிய கனிமங்களில் அது பொதிந்திருக்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி நெடுங்காலம் தங்கும்போது ஃபுளூரைடு சிறிது சிறிதாகக் கரைந்து நீரோடு கலக்கிறது. கால்சியம் மிகுந்த நீரில் அது கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடுவதால் அளவு கட்டுக்குள் நிற்க, கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் தடையின்றி ஏறிக்கொண்டே போகிறது. தொழிற்பேட்டை சூழ்ந்த ஊர்களில் நீரில் எந்தக் கேடு தென்பட்டாலும் முதலில் ஆலைகளை ஐயுறுவது இயல்பே. நிலக்கரியை எரிப்பதாலும் பாஸ்பேட் உரத் தயாரிப்பாலும் ஃபுளூரைடு வெளிப்படுவதும் உண்மையே. எனினும் தமிழ்நாட்டில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிணறுகளில் அது பாறையிலிருந்து வந்தது. திருவள்ளூர் மாவட்டத்திலும் கிழக்குப் பகுதி ஆற்று வண்டலும் கடலோர மணலுமாக அமைய, மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் கடும்பாறை நிலமாக இருப்பதால், மாவட்டம் முழுவதற்கும் ஒரே விடை சொல்லிவிட முடியாது.

ஃபுளூரைடு மிகுதியால் வரும் ஃபுளூரோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இடம் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டம். முதுகெலும்பு இறுகி உடல் வளைந்துபோன மக்களின் நிலையை எச். இ. ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் 1937-இல் ஆய்விதழில் வெளியிட்டனர். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஃபிரெடரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர் 1901-இலேயே பழுப்பேறிய பற்களைக் கவனித்திருந்தார். கறை படிந்த அப்பற்களில் சொத்தை குறைவாக இருந்தது அவருக்குப் பெருவியப்பாயிற்று. காரணம் ஃபுளூரைடு என்று 1931-இல் தெரியவந்தபின், 1945-இல் கிராண்ட் ரேபிட்ஸ் நகரம் தன் குடிநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவுக்கு அதைச் சேர்க்கத் தொடங்கியது. அங்குப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் பற்சொத்தை பெரிதும் குறைந்தது.

ஒரே பொருள் காக்கவும் கெடுக்கவும் செய்வதற்குக் காரணம், அது பல்லை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விதமாகத் தொடுவதே. பல்லின் வெண்மையான மேலுறையாகிய எனாமல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்களாலானது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலம் அப்படிகங்களைக் கரைக்க, உமிழ்நீரில் சிறிதளவு ஃபுளூரைடு இருந்தால் கரைந்த இடம் மீண்டும் படிகமாகி முன்னினும் உறுதிபெறுகிறது. ஆனால் பிறந்தது முதல் ஏறத்தாழ 8 வயது வரை, நிலைப்பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது உடலில் ஃபுளூரைடு மிகுந்தால், எனாமல் நுண்துளைகளுடன் அமைந்து, பல் வெண்கோடுகளோடு முளைத்து, பின்னர் பழுப்பேறுகிறது. இதுவே பல் ஃபுளூரோசிஸ். உள்ளேயே அமைந்துவிட்ட இக்கறை எத்தனை முறை துலக்கினாலும் போகாது. எனவே அத்தகைய பிள்ளையைப் பல் விளக்காதவர் என்று வகுப்பில் ஏளனம் செய்வது பெருங்கொடுமை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் வரையறுத்துள்ளது. அதைக் கடந்த நீரைப் பல்லாண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படக்கூடும். பாறையோடு நெடுநாள் தங்காத ஆற்றுநீரில் ஃபுளூரைடு குறைவு என்பதால்தான், 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013 முதல் காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குச் செல்கிறது.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பல வீடுகள் போர் தண்ணீரை விட்டுக் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டன. அதைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. முறை, நுண்சவ்வு ஒன்றன் வழியே நீரை அழுத்திச் செலுத்துவதால், உப்புகளோடு ஃபுளூரைடின் பெரும்பகுதியையும் நீக்கிவிடுகிறது. அவ்வீட்டுப் பிள்ளைகள் சொத்தையைத் தடுக்க ஃபுளூரைடு கலந்த பற்பசையை நாடவேண்டும், ஆறு வயதுக்கு உட்பட்டோர் அதை விழுங்காமல் துப்புகிறார்களா என்று பெரியவர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும். போர் தண்ணீரையே குடிக்கும் வீடுகளோ கொதிக்கவைப்பதை நம்பக்கூடாது. நீர் ஆவியாகக் குறையுமே தவிர ஃபுளூரைடு அப்படியே தங்கும். டி.டி.எஸ். மீட்டரும் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மதிப்பிடுமேயன்றி ஃபுளூரைடைத் தனியே காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைக் கொடுத்துச் சோதித்து, அறிக்கையில் ஃபுளூரைடு என்ற வரிக்கு எதிரே உள்ள எண்ணைப் படிக்கவேண்டும். மழைக்குப் பின்னும் கோடையிலும் அளவு மாறக்கூடும் என்பதால் இரு பருவங்களிலும் சோதிப்பது நல்லது, எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது மிக அவசரம்.