வயர்லெஸ் மீட் தெர்மாமீட்டர்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

கரி கிரில்லில் கோழியின் தோல் கருகிவிடும். தொடை எலும்பை ஒட்டிய சதை வெந்திருக்காது. நிறத்தை வைத்து வேக்காட்டைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் தெர்மாமீட்டர். வயர்லெஸ் வகை என்றால் மூடியைத் திறக்காமலே வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

1. சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், இறைச்சிக்குள் குத்தும் புரோப்பிலிருந்து மெல்லிய வயர் வெளியே வந்து ஒரு சின்னப் பெட்டியில் சேரும். அந்தப் பெட்டிதான் சிக்னல் அனுப்பும். மற்றதில் பேட்டரி, சென்சார் எல்லாம் புரோப்புக்குள்ளேயே அடக்கம். சுழலும் கம்பியில் முழுக்கோழி வாட்டுபவர்களுக்கு வயர் இல்லாததுதான் சரி. ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரியின் ஆயுள் முடிந்துபோனால் பெரும்பாலும் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதுதான். வயர் வகையில் புரோப்பை மட்டும் மாற்றினால் போதும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் புகையில் வேகவைப்பவர்களுக்கு என் ஓட்டு வயர் வகைக்கே.

2. பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக்கான கணக்கு. ப்ளூடூத் சிக்னல் கிரில்லின் இரும்பு மூடியைத் தாண்டும்போதே பாதி இளைத்துவிடும். இடையில் வீட்டுச் சுவரும் இருந்தால் கேட்கவே வேண்டாம். சிக்னலை வாங்கித் தள்ளிவிடும் பேஸ் உள்ள மாடலாக வாங்கி, பேஸைக் கிரில்லுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

3. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருவதாக இருந்தால் அலைவரிசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரேடியோ அலையில் இயங்கும் சில மாடல்கள் அங்கே 915 மெகாஹெர்ட்ஸில் வரும், ஐரோப்பாவில் 868. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருப்பது 865 முதல் 868 வரை. ப்ளூடூத், வைஃபை மாடல்களில் இந்தத் தலைவலி கிடையாது.

4. போன் இல்லாமலும் வெப்பத்தைக் காட்டுமா என்று பாருங்கள். ஆப் மட்டுமே கதி என்றால், கம்பெனி அந்த ஆப்பைக் கைவிடும் நாளில் பொருளும் வீண்.

5. வெப்பம் தாங்கும் அளவில் இரண்டு எண்கள் இருக்கும். மீட்டர் (Meater) என்ற பிராண்டின் பழைய மாடல்கள் போன்ற முழு வயர்லெஸ் புரோப்பில் இறைச்சிக்குள் இருக்கும் பகுதி சுமார் 100 டிகிரி செல்சியஸ்தான் தாங்கும். வெளிமுனை 275 வரை தாங்கும். சுற்றியிருக்கும் சதைதான் உள்பகுதியைக் காப்பாற்றுகிறது. எனவே புரோப்பில் உள்ள கோடு மறையும்வரை குத்த வேண்டும். சிக்கன் விங்ஸ், மீன் துண்டு, இறாலுக்கு இது ஒத்துவராது. அவற்றுக்குச் சட்டென்று குத்திப் பார்க்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்.

6. வாங்கியதும் முதல் வேலை ஐஸ் சோதனை. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் மிதந்தால் தண்ணீர் அதிகம், கொஞ்சம் வடித்துவிடுங்கள். நன்றாகக் கலக்கி, புரோப்பின் நுனி டம்ளரில் படாமல் நடுவில் பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் 0 டிகிரிக்கு வந்து நிற்க வேண்டும். ஒரு டிகிரி கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. கொதிநீரில் பார்ப்பவர்கள் ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

7. நுனி இருக்க வேண்டிய இடம் இறைச்சியின் மிகத் தடிமனான பகுதியின் நடு. எலும்பிலோ கொழுப்பிலோ பட்டால் கணக்கு தப்பும். முழுக்கோழிக்கு நெஞ்சில் ஒன்று, உள்தொடையில் ஒன்று என இரண்டு புரோப் இருந்தால் நல்லது.

8. அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான அளவு: கோழி 74 டிகிரி, ஆடு, மாடு, பன்றியின் கொத்துக்கறி 71, முழுத்துண்டு என்றால் 63 டிகிரியும் அடுப்பிலிருந்து இறக்கிய பின் மூன்று நிமிடக் காத்திருப்பும். ஆனால் பாதுகாப்பு வேறு, பதம் வேறு. முற்றிய ஆட்டுத்தொடை 63 டிகிரியில் ரப்பர் மாதிரிதான் இருக்கும். டெக்ஸாஸ்காரர்கள் மாட்டின் நெஞ்சுக்கறியை 90 டிகிரி தாண்டி 95 வரை கொண்டுபோவது, சவ்வு உருகி இளகட்டும் என்றுதான். இடையில் 65, 70 டிகிரி வாக்கில் எண் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். இறைச்சியிலிருந்து ஈரம் ஆவியாகும்போது அது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது.

9. புரோப்பின் வெளிமுனையை நேரடித் தீக்கு மேல் விடாதீர்கள். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினால் 275 டிகிரியெல்லாம் நொடியில் தாண்டிவிடும். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வையுங்கள். சூடான புரோப்பை உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் பீங்கான் கைப்பிடி விரிசல் விடும்.

10. பச்சை இறைச்சியில் இருந்த புரோப்பைக் கழுவாமல் வெந்த துண்டில் குத்தக் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். பிடித்துக்கொண்ட கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவித் தேயுங்கள். வயர் புரோப்பை ஊறவைக்கவே கூடாது. வயரும் கம்பியும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் எண் தாறுமாறாக ஓடும். கையேட்டில் அனுமதி இல்லையென்றால் டிஷ்வாஷர் பக்கமே போக வேண்டாம்.

11. சார்ஜ் ஏறவில்லையா? புரோப்பின் கடைசி முனையைப் பாருங்கள். புகையும் எண்ணெயும் படிந்து பழுப்பாக இருக்கும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அதையும் சார்ஜரின் உலோகப் பட்டையையும் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

12. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேஸிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். வயரை மடக்காமல் தளர்வாகச் சுற்றி வையுங்கள். மறுபடி எடுக்கும்போது ஐஸ் சோதனை செய்யுங்கள். இரண்டு டிகிரிக்கு மேல் தப்பாகக் காட்டி, அதைத் திருத்தும் வசதியும் இல்லையென்றால், புரோப்பை மாற்றிவிடுங்கள்.