பயிற்சி சொலிசிட்டர் விண்ணப்பம்: எழுத வேண்டியதும் எழுதக்கூடாததும்

லண்டனின் பெரிய வணிகச் சட்ட நிறுவனங்கள் தங்கள் பயிற்சி சொலிசிட்டர்களை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுகின்றன. சட்டம் படிப்பவர்கள் பெரும்பாலும் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலும், வேறு பாடம் படிப்பவர்கள் இறுதியாண்டிலும் விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைத்தால், சொலிசிட்டராகத் தகுதி பெற 2021 முதல் நடைமுறையில் இருக்கும் எஸ்.கியூ.இ. தேர்வுக்கான கட்டணத்தையும் படிக்கும் காலத்துக்கான உதவித்தொகையையும் பெரிய நிறுவனங்கள் தாங்களே கொடுக்கின்றன. அதன் பிறகு இரண்டு ஆண்டுப் பயிற்சி. ஆறு மாதத்துக்கு ஒரு துறை என்று நான்கு துறைகளில் வேலை செய்வது வழக்கம்.

இத்தனைக்கும் முதல் வாசல் ஓர் இணையப் படிவம். ஏன் வணிகச் சட்டம், ஏன் எங்கள் நிறுவனம், நீங்கள் கவனித்த ஒரு வணிகச் செய்தி எது, குழுவாக வேலை செய்த அனுபவம் உண்டா என்று மூன்று நான்கு கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 250 முதல் 500 சொற்கள் வரை இடம் கொடுப்பார்கள்.

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற லண்டன் பகுதிகளில் வளர்ந்த நம் பிள்ளைகள் எழுதும் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். மதிப்பெண்ணிலோ உழைப்பிலோ அவர்களிடம் குறை இல்லை. ஆனால் பதில்களில் நிறுவனத்தின் புகழும் சட்டத்தின் பெருமையும் நிறைந்திருக்கின்றன. எழுதியவர் இதுவரை செய்த வேலையும் இல்லை, அங்கே போய்ச் செய்யப்போகும் வேலையும் இல்லை. கீழே உள்ள எல்லாம் இந்த ஒரு குறையைச் சரிசெய்வதற்காகவே.

செய்ய வேண்டியவை

பயிற்சி சொலிசிட்டரின் அன்றாட வேலை என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுவது அந்த வேலை அல்ல. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது, விற்கப்படும் கம்பெனியின் நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைப் படித்து, உரிமையாளர் மாறினால் எந்த ஒப்பந்தம் முறிய வாய்ப்பிருக்கிறது என்று பட்டியல் போடுவார்கள். வங்கி கடன் கொடுக்கும் முன் வந்துசேர வேண்டிய ஆவணங்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். கையெழுத்துப் பக்கங்களைச் சேகரிப்பார்கள். வழக்குத் துறையில் மின்னஞ்சல்களைச் சலித்து எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டியதைப் பிரிப்பார்கள்.

சின்ன வேலையாகத் தோன்றும். ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தன் சொத்தைப் பிணையாக வைத்துக் கடன் வாங்கினால், அந்தப் பிணையை 21 நாட்களுக்குள் கம்பெனிகள் பதிவகத்தில் பதிய வேண்டும். தவறவிட்டால், பிற்பாடு அந்தக் கம்பெனி நொடித்துப்போகும்போது அதன் சொத்தைப் பிரித்துக் கொடுக்க வருபவருக்கு எதிராக அந்தப் பிணை செல்லாது. கோடிக்கணக்கில் கடன் கொடுத்த வங்கி, பிணை இல்லாமல் கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பதிவைத் தயார் செய்து அனுப்பும் பொறுப்பு பெரும்பாலும் பயிற்சி சொலிசிட்டரின் மேசைக்கே வரும். “நுணுக்கமாக வேலை செய்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்” என்று படிவம் கேட்பது ஏன் என்பது இது தெரிந்தால் புரியும். எந்த அனுபவத்தை எடுத்து எழுத வேண்டும் என்பதும் புரியும்.

கடையில் நின்றதை எழுதுங்கள். வார இறுதியில் அப்பாவின் மளிகைக் கடையில் கல்லாவில் நின்ற பிள்ளை அதை மறைத்துவிட்டு, ஒரு சட்ட அலுவலகத்தில் ஒரு வாரம் பார்வையாளராக உட்கார்ந்ததை 200 சொற்களில் எழுதுகிறது. இது என்னை மிகவும் வருத்தும் ஒன்று. வணிகச் சட்ட நிறுவனத்துக்கு வரும் கிளையன்டுகள் பெரும்பாலும் வணிகர்கள். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் வீட்டில் நடந்த பேச்சு, மொத்த வியாபாரி கடன் தவணையைக் குறைத்தபோது கையில் பணம் முடங்கியது, எதிரே சூப்பர்மார்க்கெட் வந்ததும் எந்தச் சரக்கைக் கைவிட்டு எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது என்று இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். கூடப் படிக்கும் பலர் இதைப் புத்தகத்தில்தான் படித்திருப்பார்கள்.

ஆனால் எழுதும் விதம் முக்கியம். “கடையில் வேலை செய்து வாடிக்கையாளர் சேவைத் திறனை வளர்த்துக்கொண்டேன்” என்ற வரியில் ஒன்றுமே இல்லை. இப்படி யோசித்துப் பாருங்கள்: காய்கறி வீணாவதைக் கவனித்தேன், எந்த நாளில் எது எவ்வளவு போகிறது என்று குறித்து வைத்தேன், வியாழக்கிழமைக் கொள்முதலைக் குறைத்து வெள்ளிக்கிழமை காலைக்கு மாற்றச் சொன்னேன், அப்பா முதலில் ஒப்பவில்லை, கணக்கைக் காட்டிய பிறகு ஒப்பினார், வீணாவது குறைந்தது. இதில் பிரச்சினை இருக்கிறது, நீங்கள் எடுத்த முடிவு இருக்கிறது, தயங்கிய ஒருவரைச் சான்று காட்டி இணங்கவைத்த திறமை இருக்கிறது, விளைவும் இருக்கிறது. படிப்பவர் தேடுவது இந்த நான்கையும்தான்.

பாட்டிக்காக டாக்டரிடமும் கவுன்சில் அலுவலகத்திலும் மொழிபெயர்த்ததையும் இதே கண்ணோடு பாருங்கள். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, கேட்டதை வெளியே பேசாமல் இருப்பது, பயந்திருக்கும் ஒருவருக்குக் கடினமான விஷயத்தை எளிதாக விளக்குவது என்று அதில் இருப்பவை அனைத்தும் ஒரு சொலிசிட்டருக்கு நாள்தோறும் வேண்டியவை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததும் அப்படித்தான்.

“ஏன் எங்கள் நிறுவனம்?” என்ற கேள்விக்கு, அந்த நிறுவனம் எடுத்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா நிறுவனங்களும் ஒன்றுபோலத் தெரியும். அவை எடுத்த முடிவுகளில்தான் வேறுபாடு இருக்கிறது. கிளிஃபர்ட் சான்ஸ் 1987-இல் இரண்டு லண்டன் நிறுவனங்கள் இணைந்து உருவானது. ஆலன் அண்ட் ஓவெரி 2024 மே மாதம் நியூயார்க்கின் ஷெர்மன் அண்ட் ஸ்டெர்லிங்கோடு இணைந்து ஏ அண்ட் ஓ ஷெர்மன் ஆனது. ஸ்லாட்டர் அண்ட் மே அந்த வழிக்குப் போகவில்லை. மற்ற நாடுகளில் தனித்து இயங்கும் நல்ல நிறுவனங்களோடு நெருங்கிய உறவு வைத்து வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. அங்கே ஒரு வழக்கறிஞர் ஒரே வகை டீலில் அடைபட்டுவிடாமல் பலவகை வேலைகளைப் பார்ப்பதையும் பெருமையாகச் சொல்கிறார்கள். மெக்ஃபார்லன்ஸ் பெரிய கம்பெனிகளின் வேலையோடு செல்வந்தர்களின் குடும்பச் சொத்து, வரி, உயில் போன்ற வேலையையும் விடாமல் வைத்திருக்கிறது. கர்க்லண்ட் அண்ட் எல்லிஸ் என்றாலே தனியார் முதலீட்டு நிதிகளின் டீல்கள் நினைவுக்கு வரும்.

இவற்றை மனப்பாடமாக ஒப்பித்தால் பயனில்லை. அந்த முடிவு அங்கே வரும் பயிற்சி சொலிசிட்டரின் நாளை எப்படி மாற்றுகிறது, அது உங்களுக்கு ஏன் பொருந்துகிறது என்ற இரண்டு வாக்கியங்களில்தான் பதிலின் உயிர் இருக்கிறது. எழுதி முடித்ததும் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுப் போட்டி நிறுவனத்தின் பெயரை வைத்துப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் மறுபடி எழுத வேண்டும்.

வணிகச் செய்தியைக் கேட்டால், செய்தியைச் சொல்வதோடு நிற்காதீர்கள். வீடியோ கேம் கம்பெனியான ஆக்டிவிஷன் பிளிசார்டை மைக்ரோசாஃப்ட் வாங்கிய கதையை எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரியில் 6,870 கோடி டாலருக்கு அறிவித்தார்கள். 2023 ஏப்ரலில் பிரிட்டனின் போட்டி ஆணையம் தடுத்தது. கிளவுட் வழியாக விளையாடும் சந்தை மைக்ரோசாஃப்ட் கைக்குள் போய்விடும் என்பது அதன் கவலை. பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் இந்த இடம் வரை எழுதிவிட்டுச் சொற்கள் தீர்ந்துபோய் நிற்கிறார்கள்.

சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. டீலை முடிக்க ஒப்பந்தத்தில் வைத்திருந்த கெடு 2023 ஜூலை 18. அந்த நாள் நெருங்கியபோது டீல் இன்னும் முடியவில்லை. விலகுவதா, கெடுவை நீட்டுவதா, நீட்டினால் அதற்குப் பதிலாக எதைக் கேட்பது? இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய கேள்வி இது. அக்டோபர் 18 வரை நீட்டினார்கள். இடையில் கிளவுட் உரிமைகளை யூபிசாஃப்ட் என்ற இன்னொரு கேம் கம்பெனிக்கு விற்று டீலையே வேறு வடிவத்தில் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் ஆணையம் அனுமதித்தது. இங்கே போட்டிச் சட்டத் துறை, கம்பெனிச் சட்டத் துறை, அறிவுசார் சொத்துரிமைத் துறை மூன்றும் சேர்ந்து ஒரு கிளையன்டின் சிக்கலைத் தீர்த்தன. “தடுக்கப்பட்ட டீலுக்கு மாற்று வடிவம் தேடுவதும் வழக்கறிஞரின் வேலையே” என்று ஓர் இருபது வயதுப் பிள்ளை எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

டீல் என்றாலே பெரிய பெயர்தான் வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்து வங்கி தன் வட்டி விகிதத்தை 2021 டிசம்பர் நடுப்பகுதி வரை இருந்த 0.1 சதவீதத்திலிருந்து 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதமாக ஏற்றியதே போதும். கடன் வாங்கிக் கம்பெனிகளை வாங்குவோர் என்ன ஆனார்கள், பழைய கடனைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் யாரிடம் போனார்கள் என்று தொடருங்கள். உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வமுள்ள செய்தியாக இருக்கட்டும். நேர்காணலில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டி வரலாம்.

ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்திருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள். அதற்கென்று பல படிவங்களில் தனி இடம் உண்டு. வீட்டில் மரணம், நோய், குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போனது எதுவாயினும் மூன்று நான்கு வரிகளில், தேதியோடு, மன்றாடாமல் எழுதுங்கள். பள்ளியில் இலவச மதிய உணவு பெற்றது, அகதியாக வந்தது, குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனது போன்றவற்றையும் பல நிறுவனங்கள் கேட்கின்றன. மதிப்பெண்ணை அந்தச் சூழலோடு சேர்த்துப் பார்ப்பதற்காகவே கேட்கிறார்கள். கூச்சத்தில் அந்தக் கட்டங்களை விட்டுவிடாதீர்கள். பெற்றோருக்கு அதை எழுதுவது பிடிக்காமல் இருக்கலாம். அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

செய்யக்கூடாதவை

அகதி வழக்கின் கதையை வணிகச் சட்டத்துக்கான காரணமாக எழுதாதீர்கள். சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அப்பாவின் புகலிட விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் இழுத்ததையும், ஒரு நல்ல வழக்கறிஞர் குடும்பத்தைக் காப்பாற்றியதையும் பார்த்துச் சட்டம் படிக்க வந்தவர்கள் நம்மில் பலர். அது உண்மையான, மதிக்க வேண்டிய காரணம். ஆனால் அந்த வேலையைச் செய்பவை பெரும்பாலும் அரசு சட்ட உதவி பெறும் சிறு நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும். பெரிய வணிக நிறுவனத்தில் அது கட்டணமின்றிச் செய்யும் வேலையின் ஒரு பகுதியாக மட்டுமே இருக்கும். அந்தக் கதையோடு பதில் முடிந்துவிட்டால், “அப்படியானால் இங்கே ஏன் வருகிறீர்கள்?” என்ற கேள்வி எழும்.

உங்கள் மனம் உண்மையிலேயே அந்தப் பக்கம்தான் என்றால் அங்கேயே போங்கள். அங்கே ஆள் தேவை. வணிகச் சட்டமும் பிடித்திருக்கிறது என்றால், சட்டத்துக்கு வந்த காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, வணிகச் சட்டத்தைத் தேர்ந்ததற்கு வேறு சான்று கொடுங்கள்: படித்த ஒரு பாடம், கலந்துகொண்ட விடுமுறைப் பயிற்சி, கடையின் வாடகை ஒப்பந்தம்.

“நாங்கள்” என்று எழுதி ஒளிந்துகொள்ளாதீர்கள். தன்னைத் தானே புகழக்கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நல்ல வளர்ப்புதான். ஆனால் குழுவில் நீங்கள் எதைச் செய்தீர்கள் என்று தெரியாமல் யாரும் மதிப்பெண் போட முடியாது. செய்ததைச் செய்தேன் என்று சொல்வது தற்புகழ்ச்சி அல்ல.

செய்யாததைச் செய்ததாக எழுதவே எழுதாதீர்கள். செயலாளருக்கு உதவியவர் தலைவர் ஆவதும், இரண்டு நாள் இருந்த இடம் இரண்டு வாரமாவதும் சின்னப் பொய்யாகத் தெரியலாம். சொலிசிட்டராகப் பதிவு செய்யும் முன் ஒழுங்குமுறை ஆணையம் உங்கள் நேர்மையைத் தனியாகச் சோதிக்கிறது. இந்தத் தொழிலில் பொய் பிடிபட்டால் போவது ஒரு வேலை மட்டும் அல்ல.

உரிச்சொற்களால் இடத்தை நிரப்பாதீர்கள். முன்னணி, புகழ்பெற்ற, உலகத்தரம் வாய்ந்த என்றெல்லாம் அவர்களிடமே சொல்ல வேண்டாம். சிறுவயது முதல் கனவு என்பதும் வேண்டாம். தரவரிசை நூல்களில் அவர்கள் எந்த இடம் என்பதை அவர்களே அறிவார்கள்.

ஒரே பதிலை முப்பது நிறுவனங்களுக்கு அனுப்பாதீர்கள். ஏழெட்டு போதும் என்பது என் கருத்து. நகலெடுத்த பதிலில் போட்டி நிறுவனத்தின் பெயர் தங்கிவிடும் அபாயம் இன்றும் இருக்கிறது. பெயரை எழுதும் முறையையும் கவனியுங்கள்: ஸ்லாட்டர் அண்ட் மே பெயரின் நடுவில் ‘அண்ட்’ முழுச்சொல்லாகவே வரும், குறியீடாக அல்ல. விண்ணப்பம் வர வரப் படித்து இடங்களை நிரப்பும் நிறுவனங்கள் பல உண்டு. அதனால் கடைசி நாள் வரை காத்திருப்பதும் கூடாது.

ஏ.ஐ.யிடம் பதிலை எழுதச் சொல்லாதீர்கள். நிறுவனத்தின் விதி என்ன என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் தடை, சில இடங்களில் வரம்போடு அனுமதி. விதி எதுவானாலும், நீங்கள் வியாழக்கிழமைக் கொள்முதலை மாற்றியது ஏ.ஐ.க்குத் தெரியாது.

அனுப்பிய பதிலை மறந்துவிடாதீர்கள். பல படிவங்கள் அனுப்பிய பிறகு திறக்காது. ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். நேர்காணல் சில வாரங்கள் கழித்துத்தான் வரும், அப்போது உங்கள் வரிகளையே வாசித்துக் கேள்வி கேட்பார்கள். எழுதிய செய்தியில் அதற்குள் என்ன நடந்தது என்பதை முந்தைய இரவு ஒருமுறை தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.