மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா?

உங்கள் கம்ப்யூட்டர் அடிக்கடி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. "எஸ்.எம்.பி.எஸ்.ஸை செக் பண்ணுங்கள்" என்கிறார் நண்பர். நீங்களும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வந்து சோதிக்கிறீர்கள். 5 வோல்ட் இருக்க வேண்டிய சிவப்பு வயரில் மீட்டர் 4.73 என்று காட்டுகிறது. உடனே புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கக் கிளம்பலாமா? சற்றுப் பொறுங்கள். முதலில் அளவீடு தொடர்பான சில சொற்களைத் தெரிந்து கொள்வோம்.

டாலரன்ஸ்: எந்தப் பொருளும் சொன்ன அளவில் இம்மி பிசகாமல் இயங்காது. எவ்வளவு விலகலாம் என்ற வரம்பே டாலரன்ஸ். ஏ.டி.எக்ஸ். வகை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 5 வோல்ட் லைனுக்கு இது ±5 சதவீதம். அதாவது 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருந்தால் சரி.

ரெசொல்யூஷன்: மீட்டர் காட்டக்கூடிய மிகச் சிறிய மாற்றம். சாதாரண மீட்டரில் டி.சி. 20 வோல்ட் ரேஞ்சில் இது 0.01 வோல்ட்.

அக்யூரசி: மீட்டர் காட்டும் அளவு உண்மையான அளவுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது. இரண்டு தசம இடங்கள் தெரிவதால் அந்த இரண்டும் சரி என்று பொருளல்ல.

பிரிசிஷன்: மீண்டும் மீண்டும் அளக்கும்போது ஒரே விடை வருவது. உண்மையில் 5.00 வோல்ட் உள்ள இடத்தில் ஒரு மீட்டர் ஒவ்வொரு முறையும் 5.20 என்றே காட்டினால், அதற்கு பிரிசிஷன் உண்டு, அக்யூரசி இல்லை.

காலிபரேஷன்: சரியென்று தெரிந்த ஓர் அளவோடு மீட்டரை ஒப்பிட்டு, அது எவ்வளவு பிசகுகிறது என்று கண்டறிவது. இந்தியாவில் இதற்கு அடிப்படையான தேசிய அளவுகளைப் பராமரிப்பது புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

இனி நம் 4.73க்கு வருவோம். மீட்டருடன் வந்த கையேட்டைப் புரட்டுங்கள். அக்யூரசி ±(0.5% + 2 டிஜிட்) என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். 4.73இல் 0.5 சதவீதம் சுமார் 0.02. கடைசி இலக்கத்தில் 2 டிஜிட் என்பது இன்னொரு 0.02. மொத்தம் 0.04 வோல்ட். ஆக, உண்மையான வோல்டேஜ் 4.69 முதல் 4.77 வரை எதுவாகவும் இருக்கலாம். வரம்போ 4.75! எனவே இந்த ஓர் அளவை வைத்து எஸ்.எம்.பி.எஸ். பழுது என்றும் சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. மீட்டர் 4.60 என்று காட்டியிருந்தால் சந்தேகமே இல்லை. எல்லாப் பிழையையும் கூட்டினாலும் 4.64தான், மாற்றிவிடலாம்.

சந்தேகமான அளவு வந்தால் என்ன செய்வது?

1. மீட்டரின் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் தவறான அளவு காட்டும்.

2. கம்ப்யூட்டர் இயங்கும்போது, உபயோகிக்காத நான்கு பின் கனெக்டரில் சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே மூன்று முறை அளந்து பாருங்கள். முனைகள் பக்கத்துப் பின்னில் பட்டுவிடாமல் கவனம் தேவை.

3. வேறொரு நல்ல மீட்டரால் அளந்து ஒப்பிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.