‘சிண்டிகேட் முடிவு’ என்று சொன்னால் திரும்பி வராதீர்கள்

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தேர்வுக் கட்டணத்தைத் திடீரென்று கூட்டிவிட்டார்கள். கல்லூரியில் கேட்டால் ‘யுனிவர்சிட்டி ஆர்டர்’ என்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனால் ‘சிண்டிகேட் முடிவு’ என்று கையை விரிக்கிறார்கள். இதற்கு மேல் யாரிடம் போவது?

பதில்: இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் ‘சிண்டிகேட் முடிவு’ என்றதும் பெரும்பாலான பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நின்று இன்னொரு கேள்வி கேளுங்கள்: “எந்தத் தேதிக் கூட்டம்? என்ன பொருள் எண்?”

ஒரு கட்டணம் உயரும் வழி இதுதான். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பிரிவு ஒரு குறிப்பு எழுதும். பணம் சம்பந்தப்பட்டதால் அது நிதிக்குழுவுக்குப் போகும். பிறகு துணைவேந்தர் தலைமையில் கூடும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் முன் வைக்கப்படும். அந்தக் கூட்டத்துக்கான பொருள்நிரல் ஒரு தடித்த புத்தகம். ஒவ்வொரு விஷயத்துக்கும் தனி எண் உண்டு. கட்டணக் குறிப்பில் பழைய தொகை, புதிய தொகை, கடைசியாகத் திருத்திய ஆண்டு, உயர்த்துவதற்கான காரணம் எல்லாம் இருந்தாக வேண்டும். உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு பக்கச் சுற்றறிக்கை இதன் வால்தான். தலையும் உடலும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன.

குறிப்பு கையில் கிடைத்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, அது முன்கூட்டியே உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்ட பொருளா, அல்லது கூட்டம் நடக்கும்போது மேசையில் வைத்த ‘டேபிள் ஐட்டமா’? இரண்டு, ‘பின்னேற்பு’ என்ற சொல் இருக்கிறதா? இருந்தால், முதலில் கட்டணத்தை உயர்த்திவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டுமே சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் போதிய விவாதம் நடந்ததா என்று கேட்க உங்களுக்கு இடம் கிடைக்கிறது.

சிண்டிகேட் முடிவு கல்லில் பொறித்தது அல்ல. 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் இளநிலைத் தேர்வுக் கட்டணத்தை ஒரு பேப்பருக்கு 150 ரூபாயிலிருந்து 225 ரூபாயாக உயர்த்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த செமஸ்டருக்கு உயர்வு நிறுத்திவைக்கப்படும் என்று அப்போதைய உயர்கல்வித்துறை அமைச்சர் பொன்முடி அறிவித்தார். பணம் கட்டும் கெடு முடிவதற்குள் கேள்வி எழுந்தால் இப்படி நடக்க வாய்ப்பு உண்டு.

இப்போது ஆக வேண்டிய வேலை:

1. கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். கட்டாமல் போராடினால் அபராதமும் ஹால் டிக்கெட் சிக்கலும் மகள் தலையில் விழும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. ‘ஏன் உயர்த்தினீர்கள்?’ என்றும் கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தைத் தராது. இப்படி எழுதுங்கள்:

“அ. தேர்வுக் கட்டண உயர்வுக்கு ஒப்புதல் தந்த சிண்டிகேட் கூட்டத்தின் தேதி, பொருள் எண், அதற்கான குறிப்பு, தீர்மானம் ஆகியவற்றின் நகல்.
ஆ. அதே பொருளில் நிதிக்குழு செய்த பரிந்துரையின் நகல்.
இ. கடந்த மூன்று நிதியாண்டுகளில் தேர்வுக் கட்டணமாக வந்த தொகை, தேர்வு நடத்த ஆன செலவு, ஆண்டுவாரியாக.”

3. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

4. அறிவித்த தொகைக்கு மேல் கல்லூரியே வசூலித்திருந்தால் அது வேறு கதை. யுஜிசியின் 2023 விதிமுறைப்படி அமைந்த மாணவர் குறைதீர் குழுவில் மகள் பெயரில் புகார் கொடுங்கள். அந்தக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

மேலே சொன்ன ‘இ’ கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகம் ஏன் உங்கள் பையில் கை வைக்கிறது என்பது அதில்தான் தெரியும். அரசு மானியம் சம்பளச் செலவு முழுவதையும் தாங்குவதில்லை. ஓய்வூதியச் சுமை ஆண்டுதோறும் ஏறுகிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பும் தணிக்கைத் தடைகள் தீராவிட்டால் மானியத்தில் பிடித்தம் விழும். தொலைநிலைக் கல்வியில் முன்பு கொட்டிய பணமும் இப்போது வற்றிவிட்டது. மிஞ்சியிருக்கும் குழாய்கள் தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும்தான்.

மானியம் குறைந்தால் இன்னொரு அடியும் விழும். மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசுப் பணமாக இருந்தால்தான், அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனம் என்ற கணக்கில் வருமான வரிவிலக்கு கிடைக்கும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியபோது இந்தப் பாதிக்கணக்குதான் பேச்சாக இருந்தது. 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், சம்பளம் போடவே தவித்தது.

ஆகவே பதில் வந்ததும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். தேர்வுச் செலவே உண்மையில் ஏறியிருந்தால், உயர்வைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொல்லி, ஏழைப் பிள்ளைகளுக்குச் சலுகை கேட்டுத் துணைவேந்தருக்கு மனு எழுதுங்கள். செலவைவிட வரவு கணிசமாக மிஞ்சினால், உங்கள் மகளின் தேர்வுக் கட்டணத்தில் வேறு எந்தச் செலவோ ஓடுகிறது. அப்போது மனுவின் முதல் பெயர் துணைவேந்தருடையதாக இருக்க வேண்டாம். உயர்கல்வித்துறைச் செயலாளருடையதாக இருக்கட்டும். மானியக் கோப்பு நகர்வது அவர் துறையில். கட்டணத்தை உயர்த்திய சிண்டிகேட்டிலும் பதவி வழியாக அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.