மாதவிடாய் வலியா? முதலில் சூட்டு ஒத்தடம்

மாதவிடாயின் முதல் இரண்டு நாள் அடிவயிற்றைப் பிசையும் வலிக்குக் காரணம், கர்ப்பப்பையின் உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின். அது தசையை இறுக்குகிறது. ரத்த ஓட்டம் குறைந்து வலி கூடுகிறது.

மருந்தில்லாத வழிகளில் என் முதல் தேர்வு சூடுதான். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், அடிவயிற்றில் சுமார் 39 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொடர்ந்து வைத்திருந்த பெண்களுக்கு, இபுபுரூஃபென் மாத்திரைக்கு இணையான நிவாரணம் கிடைத்தது. ரப்பர் வெந்நீர்ப் பையில் கொதிநீரை ஊற்றாதீர்கள். கை பொறுக்கும் சூடு போதும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, பருத்தித் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இடுப்பு வலித்தால் அங்கேயும் வைக்கலாம். அப்படியே தூங்கிவிட வேண்டாம், தோல் வெந்துவிடும்.

நடைப்பயிற்சி, யோகா எதுவானாலும் வலி வரும் நாளில் மட்டும் செய்தால் பலன் குறைவு. மாதம் முழுக்க, வாரத்துக்கு மூன்று நாளாவது முக்கால் மணி நேரம் வேண்டும்.

சுக்குக் கஷாயம் சிலருக்குக் கேட்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே குடிக்கவும்.

“எல்லாருக்கும் வருவதுதானே, பொறுத்துக்கோ” என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். மாதாமாதம் வலி கூடினாலோ, பள்ளிக்கும் வேலைக்கும் போக முடியாமல் முடக்கினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைக் கட்டி போன்றவை இருக்கலாம். உடனே மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள்.