கணினிக்கும் விதைநெல் வேண்டும்

பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைப்பதில்லை என்பது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் வழிவழியாகப் போற்றிய வழக்கம். இன்று பத்திர நகல், திராட்சை விற்பனைக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவை வீட்டுக் கணினியில் சேர்ந்து வருகின்றன. அவற்றுக்கும் அத்தகைய காப்பு அவசியமாகும்.

'ரான்சம்வேர்' என்பது கணினியில் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, திறந்துவிடப் பணம் கேட்கும் தீய நிரலாகும். 2017 மே மாதத்தில் 'வான்னகிரை' என்னும் நிரல் 150 நாடுகளில் பரவிற்று. திருப்பதி தேவஸ்தானக் கணினிகள் சிலவும் தப்பவில்லை. அது நுழைந்த வழியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்காத கணினிகளே பெரிதும் இரையாயின.

ஆகவே, திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுதல் வேண்டும். அறியாதவர் அனுப்பும் மின்னஞ்சல் இணைப்புகளைத் திறத்தலாகாது. வாரம் ஒருமுறை கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்து, உடனே கழற்றி வைத்தல் வேண்டும். மாட்டியே வைத்தால் அதுவும் பூட்டப்படும்.

தீங்கு நேர்ந்துவிட்டால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். பணம் கொடுப்பினும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. 1930 என்னும் எண்ணில் புகார் செய்யுங்கள். சிலவகைப் பூட்டுகளுக்குரிய திறவுகோல்களை, 2016இல் தொடங்கப்பெற்ற 'நோ மோர் ரான்சம்' திட்டம் இலவசமாக அளிக்கின்றது. திறவுகோல் கிட்டாவிடில், கணினியை முற்றிலும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிய பின்னரே காப்புப் படியை இணைத்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. விதை இருந்தால் விளைச்சல் மீளும்.