ஒரே கருவியில் இரு மருந்துகள்

ஆஸ்துமா நோயாளர் பலருக்கு நாங்கள் எழுதித் தரும் இன்ஹேலரில் புடசோனைடு, ஃபார்மோட்டெரால் என இரு மருந்துகள் உள்ளன. ஃபார்மோட்டெரால், இறுகிய மூச்சுக்குழாய்த் தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்தும்; அதன் பயன் ஏறத்தாழ 12 மணி நேரம் நீடிக்கும். புடசோனைடு ஒரு ஸ்டீராய்டு. குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சியைத் தணிப்பது அதன் பணி. அப்பயன் முழுமையாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

இடர் தொடங்குவதும் இங்கேதான். இரைப்பு அடங்கியதும், "ஸ்டீராய்டு எதற்கு?" என்று வீட்டாரே இதனை நிறுத்திவிடுகின்றனர். பின்னர் மூச்சு முட்டும்போது மட்டும் சால்பியூட்டமால் இழுக்கப்படுகிறது. அது குழாயை விரிக்குமேயன்றி அழற்சியைத் தொடாது. உள்ளே நோய் முற்ற, ஓர் இரவில் வரும் கடும் இரைப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். சால்பியூட்டமாலை மட்டும் நம்பும் சிகிச்சையைப் பன்னாட்டு 'ஜினா' வழிகாட்டுதல் 2019ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. நெடுநாள் உண்ணும் ஸ்டீராய்டு மாத்திரை குறித்த அச்சம் நியாயமானதே. இன்ஹேலர் மருந்தோ நேரே மூச்சுக்குழாயைச் சேர்வதால், மைக்ரோகிராம் அளவே போதுமானது.

மருந்து சரியாக இருந்தும் இழுக்கும் முறை பிழைபடுவதுண்டு. அழுத்தும் வகையாயின் நன்கு குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, அழுத்தும்போதே மெதுவாக ஆழ இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். ஸ்பேசர் இணைத்தால் எளிது. பொடி வகையை வேகமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதலாகாது. பொடி அடங்கிய கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டு, குணமில்லை என்று வருவோரும் உண்டு! இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புக. இன்றேல் வாயில் பூஞ்சைத் தொற்றும் குரல் கம்மலும் வரலாம்.

மருத்துவர் எழுதித் தந்திருந்தால், இதே கருவியைத் திடீர் இரைப்புக்கும் குறித்த அளவுக்குள் பயன்படுத்தலாம். சால்மெட்டெரால் கலந்த இன்ஹேலருக்கு இது பொருந்தாது. அது மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே நிறத்தைப் பாராமல் பெயரைப் படியுங்கள்.

கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தும், புரோப்ரனலால் மாத்திரையும் இரைப்பைத் தூண்டக்கூடியவை. வேறு மருத்துவரிடம் செல்லும்போது ஆஸ்துமா இருப்பதை முதலிலேயே கூறுங்கள்.

இன்ஹேலர் இழுத்தும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாவிடினும், உதடு நீலம் பாரித்தாலும் வீட்டில் காத்திராமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.